மதிலுக்கு அப்பால் யார்?

தாம்பரத்திலிருந்து புறப்பட்ட மின்தொடர்வண்டியில், எதிர் இருக்கையிலே இரண்டு இளைஞர்கள். கல்லூரி மாணவர்கள் என்பதைத் தோளில் தொங்கிய பைகள் கூறின. பேச்சோ, பேயைப் பற்றி!

"சானடோரியத்துப் பக்கம் ராத்திரியிலே தனியாப் போகாதேடா, பழைய ஆஸ்பத்திரி" என்கிறான் ஒருவன்.

"அது என்ன பெரிசு? பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, மேடவாக்கம் பக்கம். நடுராத்திரியிலே மதிலுக்கு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்குமாம். எட்டிப் பார்த்தா ஒருத்தரும் இருக்கமாட்டாங்களாம்" என்கிறான் மற்றவன்.

அறிவியல் பயிலும் பிள்ளைகள்! கையிலே உலகத்தையே காட்டும் கருவி. நெஞ்சிலே பாட்டி காலத்துப் பேய்! கேட்டுக்கொண்டே வந்தோம். மேடவாக்கத்தில் அப்படியொரு பழைய மருத்துவமனை ஏது என்று எண்ணியபடியே வந்தோம். சேத்துப்பட்டு நிலையம் வந்தபோதுதான் பொறி தட்டிற்று. சென்னையின் பழம்பெரும் மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அது நிற்கும் சாலையின் பெயர் மேடவாக்கம் குளச் சாலை! சாலையின் பெயரிலே மேடவாக்கம் இருக்கிறது. தெற்கே தாம்பரத்தை அடுத்தும் ஒரு மேடவாக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயர் ஒன்று போதாதா, வடக்கே உள்ள மருத்துவமனையைத் தெற்கே பெயர்த்துக் கொண்டுபோய் வைக்க? பேய்க் கதைக்கு முகவரி தேவையில்லை. மதில் ஒன்று இருந்தால் போதும்.

அந்த மதிலின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம், தோழர்களே! பேயைவிட அது சுவையானது, பேயைவிடக் கொடியதும்கூட.

1794ஆம் ஆண்டு. சென்னையில் கும்பினி ஆட்சி. வாலன்டைன் கொனொலி என்ற ஆங்கில மருத்துவர் புரசைவாக்கத்தில் பித்தர் விடுதி ஒன்றைத் தொடங்குகிறார். அதிலே பதினாறு பேர். நோயாளிகளை அவர் பார்த்துக்கொள்வார், பணத்தைக் கும்பினி கொடுக்கும்; இதுதான் ஏற்பாடு. அருளுள்ளத்தால் எழுந்த அறச்சாலை என்று எண்ணிவிட வேண்டாம். இலாபமும் அதிலே கலந்திருந்தது. கும்பினியின் கவலையும் ஊராருக்காக அன்று, தன் சிப்பாய்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவுந்தான். வெயிலிலும் சாராயத்திலும் தனிமையிலும் புத்தி பேதலித்த வெள்ளைக்காரன் கடைத்தெருவில் கத்திக்கொண்டு திரிந்தால், ஆளும் இனத்தின் மானம் என்னாவது? எனவே உள்ளே தள்ளினர். பிற்காலத்தில் அப்படிப்பட்ட வெள்ளையரை இங்கே வைத்திருக்கவும் மனமின்றிக் கப்பலேற்றி, இலண்டனை அடுத்த ஹாக்னியில் பெம்ப்ரோக் இல்லம் என்ற விடுதிக்கு அனுப்பி வைத்தனர். பித்துப் பிடித்தாலும் வெள்ளைத் தோலுக்கு வேறு வழி!

கொனொலிக்குப் பின் வந்தவர்களில் டால்டன் என்ற மருத்துவர் விடுதியைப் புதுப்பித்துக் கட்டினார். மக்கள் வாயில் அது 'டால்டன் பித்தர் மருத்துவமனை' ஆயிற்று. நெருக்கடி மிகவே, அரசாங்கம் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற பரந்த இடத்தை, ஏறத்தாழ 66 ஏக்கரை, எடுத்துப் புதிய விடுதி எழுப்பியது. 1871 மே மாதத்தில் 145 நோயாளிகளோடு அது திறக்கப்பட்டது. இன்றும் நிற்கும் இடம் அதுவே. 1922இல் 'அரசு மனநோய் மருத்துவமனை' என்று பெயர் மாறிற்று. பின்னர் 1970களின் இறுதியில் 'மனநலக் கழகம்' ஆயிற்று. மூன்று பெயர் மாறியும் நம் மக்கள் வாயில் அது ஒரே பெயரோடுதான் இருக்கிறது: கீழ்ப்பாக்கம்!

அந்தப் பெயர்தான் எப்படி வசைமொழி ஆகிவிட்டது, பார்த்தீர்களா? வேறு கருத்துச் சொல்பவனைக் 'கீழ்ப்பாக்கம் கேசு' என்கிறோம். கொழும்புத் தமிழர் 'அங்கொடை' என்பர். மலேயாத் தமிழர் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பர். கோழிக்கோட்டார்க்குக் குதிரைவட்டம், வடநாட்டார்க்கு ராஞ்சியும் ஆக்ராவும். எங்கே மருத்துவமனை கட்டினானோ அந்த ஊரின் பெயரையே வசையாக்கிய பெருமை மனித குலத்துக்கு உண்டு. காசநோய் மருத்துவமனை இருப்பதால் தாம்பரத்தை யாரும் வசையாக்கவில்லை. மனத்துக்கு வந்த நோய்க்கு மட்டும் ஏன் இந்த இளக்காரம்?

இங்கேதான் நம் மொழி ஒரு செய்தியை ஒளித்து வைத்திருக்கிறது. 'பித்தன்' என்கிறோம், 'பைத்தியம்' என்கிறோம். இரண்டும் பித்தம் என்ற சொல்லோடு தொடர்புடையவை. 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்பது இன்றும் வழங்கும் பேச்சு. பித்தம் என்பது என்ன? உடலிலே சுரக்கும் நீர். ஆக, இந்தச் சொல்லை வழங்கிய மக்கள், புத்தி கெட்டதற்குக் காரணத்தை உடலுக்குள்ளே தேடினார்கள், சுடுகாட்டிலே அல்ல! கிரேக்க மருத்துவரும் அப்படியே. மனச்சோர்வுக்குக் 'கரும்பித்தம்' என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்தனர். வலிப்பு நோயைத் தெய்வக் குற்றம் என்று ஊர் நம்பியபோது, அது மூளையில் எழும் நோய், மற்ற நோய்களைவிடப் புனிதமானதன்று என்று எழுதிவைத்தது இப்போகிரேத்தர் மரபு. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்! பித்தநீர்க் கொள்கை தவறுதான். இன்றைய மருத்துவம் அதை ஏற்காது. ஆனால் தவறான விடையைச் சரியான திசையில் தேடியவன், பேய் என்று சொல்லித் தேடுவதையே நிறுத்திவிட்டவனைவிட எவ்வளவோ மேலானவன் அல்லவா?

சட்டம் மட்டும் என்ன, மேலானதா? 1858இல் ஒரு சட்டம். 1912இல் இன்னொன்று. அந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலே இருப்பது 'லூனா', அதாவது நிலவு! முழு நிலவு பித்தை வளர்க்கும் என்ற மேல்நாட்டு மூடநம்பிக்கை, சட்டப் புத்தகத்தின் அட்டையிலேயே குடியிருந்தது. நம் ஊரிலோ அமாவாசை வந்தால் பைத்தியம் முற்றும் என்பர். ஆங்கிலேயனுக்கு நிலவு நிறைந்தால் பித்து; தமிழனுக்கு நிலவு மறைந்தால் பித்து! நிலவு என்ன செய்யும், பாவம்! இந்த நிலவுச் சட்டம் எதுவரை நடப்பில் இருந்தது தெரியுமா? 1987இல் இயற்றிய மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும்வரை. மனிதன் நிலவிலே கால் வைத்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகும்!

பெயரைவிடக் கொடியது அதன் உள்ளடக்கம். நோயாளியை உள்ளே அனுப்ப நடுவரின் ஆணை, கொண்டுவரக் காவலர், வெளியே விட மீண்டும் ஆணை. குற்றம் செய்து புத்தி பேதலித்தவரும் அங்கே, குற்றமே அறியாதவரும் அங்கே. மருத்துவமனைக்கும் சிறைச்சாலைக்கும் வேற்றுமை குறைவு. மதில் உயர்ந்ததற்குக் காரணம் இதுவே. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. தெரியாத இடத்திலே கற்பனை முளைக்காமல் என்ன செய்யும்?

நள்ளிரவில் மதிலுக்கு அப்பால் சிரிப்பொலி கேட்டது என்கிறாயே, தம்பி, கேட்டிருக்கும்! அழுகையும் கேட்டிருக்கும். உயிரோடிருந்த ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் அங்கே அடைபட்டிருந்தார்கள். உறக்கம் வராத நோயாளி கூவினான். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லித் தாய் ஒருத்தி கதறினாள். அது மனிதக் குரல் என்று ஒப்புக்கொண்டால் 'ஏன் அழுகிறாள்?' என்று கேட்க வேண்டிவரும். பேய் என்று சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்!

பழைய தோட்டங்களில் கூகை வாழும். வெண்முகம் கொண்ட பறவை. சிறகடிக்கும் ஓசையே கேளாமல் பறக்கும், திடீரென்று கிறீச்சிடும். பெருமரங்களும் பாழ்ங்கட்டடங்களும் அதற்கு ஏற்ற வீடு. இருளில் வெள்ளையாய் ஏதோ பறந்தது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பொய் சொல்லவில்லை என்றே நாம் நம்புகிறோம், பறவையைப் பார்த்தார்கள். விடியற்காலையில் நெஞ்சின்மேல் ஏதோ ஏறி அமர்ந்து அமுக்கியது, கையைக் காலை அசைக்க முடியவில்லை, அறை மூலையில் உருவம் நின்றது என்பாரும் உளர். 'அமுக்குவான் பேய்' என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. கனவு காணும் உறக்கத்தின்போது உடற்றசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். அந்நிலை கலையுமுன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், உடல் அசையாது, கனவின் மிச்சம் கண்முன் நிற்கும். உறக்க முடக்கம் என்பது இதுதான். இரவுக் காவலர்க்கும், தூக்கம் கெட்டுப் படிக்கும் விடுதி மாணவர்க்கும் இது நேர்வது இயல்பு.

ஈழத்திலே ஆபிரகாம் கோவூர் என்ற பகுத்தறிவாளர் வாழ்ந்தார். கேரளத்தில் பிறந்தவர், தாவரவியல் ஆசிரியர். பேய் வீடு என்றால் அங்கே போய்ப் படுப்பார்! அற்புதம் செய்து காட்டுவோர்க்கு இலட்சம் ரூபாய் பரிசு என்று அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணம் அவரிடமேதான் இருந்தது. கல் விழும் வீடு, தீப்பற்றும் வீடு என்று அழைத்த இடங்களிலெல்லாம் அவர் தேடியது ஆவியையன்று, அந்த வீட்டிலே யார் வாய்திறக்க முடியாத துயரில் இருக்கிறார் என்பதையே.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். அங்குள்ள பழைய மருத்துவமனை காசநோய்க்கானது. டேவிட் சவுரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் 1928இல் தொடங்கியது. இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளில் காசநோய் நல்வாழ்வு மனை நடத்தியவர் அவர். கணித மேதை இராமானுசன் அங்கே அவரிடம் நோயாளியாகச் சில நாள் இருந்ததுண்டு. காற்றும் வெளிச்சமும் ஓய்வும் நல்ல உணவும் தவிர வேறு மருந்து அறியப்படாத காலம் அது. ஆகவேதான் அன்றைய நகரத்துக்கு வெகு தொலைவில், குன்றும் மரமுமாக இருந்த தாம்பரத்தைத் தேர்ந்தார். 1937இல் அரசாங்கம் அதை ஏற்றது. இரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் வந்துவிட்டது. பலர் அங்கே பிழைத்தனர், பலர் மாண்டனர். மாண்டவர் கணக்குப் பேய்க் கதையாயிற்று. பிழைத்தவர் கணக்கை யாரும் கதையாக்கவில்லை!

உலகமெங்கும் கைவிடப்பட்ட காசநோய் மனைகளும் பித்தர் விடுதிகளும் பேய் வீடுகளாக உலவுகின்றன, கவனித்ததுண்டா? ஏன் அவை கைவிடப்பட்டன? மருந்து வென்றதால்! 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. காசநோயாளியை மனையில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது எந்த ஊர்? நம் சென்னைதான்! சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையம் செய்த அந்தச் சோதனைக்குப் பின்னர் மேல்நாட்டு மனைகள் ஒவ்வொன்றாய் வெறுமையாயின. நோயாளி வெளியேறினான், கதவு அடைபட்டது, கண்ணாடி உடைந்தது, கொடி படர்ந்தது. பிறகு வந்தது பேய். மனிதன் நோயை வென்ற இடத்திலே பேய் குடியேறுகிறது!

மனநோயிலும் இதே கதைதான், சற்றுக் கோணலாக. புரசைவாக்கத்தில் கொனொலி விடுதி திறந்த அதே காலத்தில், பாரிசு நகரத்தில் ஒரு மாறுதல். பிசேத்தர் மருத்துவமனையில் பித்தர்களின் சங்கிலியைக் கழற்றிய பெருமை பினேல் என்ற மருத்துவருடையது என்பது ஓவியம் சொல்லும் கதை. உண்மையில் 1797இல் அங்கே அதைச் செய்தவர் பூசன் என்ற கண்காணிப்பாளர். தாமே ஒருகாலத்தில் அங்கே நோயாளியாக இருந்தவர்! மருத்துவப் பட்டம் இல்லாதவர் என்பதால் ஓவியத்தில் இடம் கிடைக்கவில்லை போலும்.

சங்கிலி போயிற்றே தவிரச் சிகிச்சை வந்துவிடவில்லை. பேயோட்டியின் சாட்டையைக் கண்டிக்கும் நாம், மருத்துவர் செய்த தவறுகளை மறைத்தால் நேர்மையாகாது. மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றினார்கள். அதற்கு 1927இல் நோபல் பரிசு. மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுத்தார்கள். அதற்கும் 1949இல் நோபல் பரிசு! அறுபட்டவர்களில் பலர் நடைப்பிணமாயினர். ஆனால் வேற்றுமை ஒன்று உண்டு. மருத்துவம் தன் தவற்றைத் தானே கண்டது, எழுதியது, கைவிட்டது. வேப்பிலை அடித்து எத்தனை பேர் குணமாயினர், எத்தனை பேர் மாண்டனர் என்று எந்தக் கோடாங்கியாவது கணக்கு எழுதியதுண்டா?

1952இல் பாரிசிலே குளோர்புரோமசின் என்ற மருந்து, காதில் குரல் கேட்ட நோயாளிகளை அமைதிப்படுத்தியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1931இல், கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு என்ற கல்கத்தா மருத்துவர் இருவர், சர்ப்பகந்தி வேர் பித்தைத் தணிக்கிறது, குருதி அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். நாட்டு மருத்துவர் நெடுங்காலம் அறிந்திருந்த வேர்! உலகம் அதை 1950களில்தான் திரும்பிப் பார்த்தது. மந்திரத்தை மட்டும் பழமை என்று போற்றி, சோதித்தால் பயன்தரும் வேரை மறந்தோம்.

கீழ்ப்பாக்கத்துக்கு விடியல் கொணர்ந்தவர் ஒரு பெண். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961இல் அவர் கண்காணிப்பாளர் பொறுப்பேற்றபோது, கொள்ள முடியாத அளவு நோயாளிகள் அங்கே நெருங்கிக் கிடந்தனர். புறநோயாளர் பிரிவை வளர்த்தார், தொழிற்பயிற்சி கொண்டுவந்தார், வெளியுலகத் தொண்டர்களை உள்ளே அழைத்தார். மதிலை இடிக்கவில்லை, கதவைத் திறந்தார். 1978வரை பதினேழு ஆண்டுகள். பிறகும் ஓயாமல் 1984இல் மனச்சிதைவு நோய்க்கென ஆராய்ச்சி நிறுவனம் கண்டார். 2021இல், தொண்ணூற்றெட்டாம் அகவையில் மறைந்தார். கீழ்ப்பாக்கத்துப் பேய்க் கதை தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

மதிலுக்கு உள்ளே வெளிச்சம் பரவிய அந்நாட்களிலும் மதிலுக்கு வெளியே இருள்தான். 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவுக்கு வந்தால் பேய் விலகும், கனவிலே ஆணை வரும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சுற்றிக் காசு பார்க்கும் தனியார் காப்பகங்கள். அவற்றில் ஒன்று ஓலைக் கொட்டகை. விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓடமுடியவில்லை. 28 பேர் கருகி மாண்டனர்!

இதை ஒரு மதத்தின் குற்றம் என்று திரிக்க முனைவோர்க்குச் சொல்வோம்: அங்கே கட்டிவைக்கப்பட்டிருந்தோர் எல்லா மதத்தாரும். பேயை ஓட்டக் கோயில் உண்டு, தர்கா உண்டு, மாதா கோயிலும் உண்டு. பேய் விஷயத்திலே மட்டும் மதங்களுக்குள் என்னே ஒற்றுமை! பிள்ளை பெற்ற சில நாளில் புத்தி தடுமாறிய இளந்தாய், கணவன் வீட்டார் கொடுமையைச் சொல்ல முடியாமல் தலைவிரித்து ஆடிய மருமகள், கடன் நெருக்கிப் பேச்சிழந்த உழவன், அனைவருக்கும் ஒரே மருந்து: வேப்பிலை, உடுக்கை, சாட்டை, சங்கிலி.

நாடு அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன, மீட்கப்பட்டவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம், ஆம், கீழ்ப்பாக்கம்! ஊர் அஞ்சி நடுங்கும் அந்த மதில்தான் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தெளிவாகவே விதித்துவிட்டது. இப்போது ஏர்வாடியிலே அரசு மனநல மருத்துவரும் அமர்ந்து மருந்து தருகிறார். தொழுகை ஒருபுறம், மருந்து மறுபுறம். பகுத்தறிவாளர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம்பிக்கைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதாகாதா என்கின்றனர். நமக்கும் முழு உடன்பாடில்லை. எனினும், மாத்திரை வயிற்றுக்குள் போய்ச் சங்கிலி காலிலிருந்து கழல்கிறதென்றால், வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்றே தோன்றுகிறது.

ஏனெனில் நிலைமை அப்படி. 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் குறை உண்டு என்றது. நோயைப் பொறுத்து, நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு பேர்வரை சிகிச்சையே பெறவில்லை என்றும் சொன்னது. எங்கே போனார்கள் அவர்கள்? பலர் எங்கும் போகவில்லை. 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லுக்கு அஞ்சி வீட்டின் பின்கட்டிலே இருக்கிறார்கள்.

வண்டியில் பேசிய அந்தத் தம்பியிடம் இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும்; கூட்டத்தில் அவன் இறங்கிப் போய்விட்டான். மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்றானே, அது பொய். குணமடைந்தும் வீடு செல்ல முடியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். சேர்த்துவிட்டுப் போனவர்கள் மீண்டும் வரவில்லை. கொடுத்த முகவரிக்குப் போனால் அங்கே வேறு யாரோ. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், இப்போது வேண்டாம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஆவி வீட்டுக்குத் திரும்பி வரும் என்று அஞ்சுகிற சமூகம், ஆள் திரும்பி வருவதையும் அஞ்சுகிறது!

அவர்களில் சிலர் இப்போது அந்த வளாகத்திலேயே உணவகம் நடத்துகிறார்கள். காசு கொடுத்து யாரும் அங்கே தேநீர் அருந்தலாம். 2022 அக்டோபரில் அங்கே ஒரு திருமணம் நடந்தது. மணமகன், மணமகள் இருவரும் சிகிச்சைக்காக வந்தவர்கள், நலம் பெற்றவர்கள், அங்கேயே ஒருவரையொருவர் விரும்பியவர்கள். நலவாழ்வுத் துறை அமைச்சர் முன்னிலை வகித்தார். வளாகத்துக் கோயிலிலே தாலி கட்டினார்கள். அதற்காக நாம் முகஞ்சுளிக்கப் போவதில்லை. கொனொலி கதவு திறந்த 1794இலிருந்து இருநூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில், நோயாளர் இருவர்க்கு அந்த மதிலுக்குள் நடந்த முதல் திருமணம் அதுவே என்றார்கள்.